கானெலா படிக்கட்டின் சராசரி

உயரத்தை நீளத்தால் வகுத்தால் சாய்வு
என்று பலகையில் எழுதினேன்.
கடைசி வரிசையில் மௌரோ தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பவில்லை.
எழுப்பினால் கேட்பான்:
இது எதுக்கு மிஸ்?
பதினாறு வருடமாக அதற்கு என்னிடம்
தேர்வுக்கு என்கிற ஒரே பதில்.

சன்னலுக்கு வெளியே வால்பராய்சோ
வீடுகளை முதுகில் அடுக்கிக்கொண்டு
கடலிலிருந்து செங்குத்தாய் ஏறிக்கொண்டிருந்தது.
நான் அதற்கு முதுகைக் காட்டியபடி
சுவரில் சாய்ந்த ஒரு ஏணியை வரைந்தேன்.
வகுப்பில் யார் வீட்டிலும் ஏணி இல்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை
நூல், அளவுநாடா, இரசமட்டம்,
பின்னாலேயே இரண்டு தெருநாய்கள்.
கானெலா படிக்கட்டு
நூற்று அறுபத்து மூன்று படி என்றாள் யாஸ்னா.
நாலு, என்றான் மௌரோ.
ஒன்று மண்ணுக்குள்ளே போயிடுச்சு.
கால் மட்டும் தேடும்.

அப்போதுதான் தெரிந்தது,
பள்ளி விட்டதும் எரிவாயு உருளை சுமக்கிறான்.
பதினைந்து கிலோ வாயு.
உருளையின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு படியை அளந்து
படிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள் என்றேன்,
புத்தகம் சொன்னபடி.
பதினான்கு. இருபத்திரண்டு. பத்தொன்பது.
எந்தப் படியும் இன்னொன்றைப் பார்த்துக் கட்டியதாக இல்லை.
எல்லாவற்றையும் அளந்து கூட்டி வகுத்தோம்.
சராசரி பதினேழு.
மௌரோ நாடாவை எடுத்துக்கொண்டு
மேலிருந்து கீழ்வரை
பதினேழு சென்டிமீட்டர் படியைத் தேடினான்.
ஒன்றுகூட இல்லை.

தொண்ணூறாவதுல மூச்சு வாங்கும் மிஸ்,
இருபத்தாறு இருக்கும்.
அளந்தோம்.
இருபத்தாறரை.

ஒரு சன்னல் திறந்தது.
மாவு ஒட்டிய கையோடு ஒரு பெண்:
நகராட்சியா? ஒருவழியா வந்துட்டீங்களா?

யாரும் பேசவில்லை.
கையில் நாடாவை வைத்துக்கொண்டு
இல்லை என்பது
பொய் சொல்வதுபோல இருந்தது.
யாஸ்னா புதுப் பக்கம் புரட்டி
உடைந்தவை என்று தலைப்பிட்டாள்.
எந்தெந்தப் படி, சொல்லுங்க.

அந்தப் பெண் ஏப்ரனோடு இறங்கி வந்தாள்.
இங்கே என் மைத்துனன், போன குளிர்காலம்.
இங்கே ரொட்டிக்காரன், தேர்தல் வருஷம்.
அவள் ஆண்டுகளைச் சொல்லச் சொல்ல
யாஸ்னா படி எண்ணை எழுதினாள்.
பதினொன்று.

அட்டவணையை நகராட்சியில் கொடுத்தோம்.
நான்கு இலக்கத்தில் ஒரு ரசீது எண் வந்தது.
அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.
இதுவும் எண்தானே மிஸ், என்றான் மௌரோ,
முழுசாய் விழித்திருந்தான்,
இதை எதால வகுக்கணும்?

தெரியாது என்றேன்.
தேர்வுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபரில் ஒரு மாலை
அந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி
மாவுக்கைப் பெண்ணிடம் கொடுக்கப் போனேன்.
தொண்ணூறில் நின்று மூச்சு வாங்கினேன்.
சீட்டை வாங்கியவள்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டு
ஒரு ரொட்டி கொடுத்தாள், சூடாக.

இறங்கும்போது இருட்டிவிட்டது.
நூற்று அறுபத்து மூன்றும் முடிந்து
தரையில் நின்ற பிறகும்
என் கால்
இன்னொன்றைத் தேடியது.