செல்லாத ஓட்டு

மூன்றாம் வகுப்பறையில், வாய்ப்பாட்டு அட்டைக்குக் கீழே
பெட்டியைக் கவிழ்த்தாள் உல்ரிக்கா.
மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.
படகுக்கு இருநூற்றுப் பதினொன்று. கிளிக்கு ஒன்று குறைவு.
கட்சி முகவர்கள் முறைத்துக்கொண்டே
ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள்.

மிஞ்சிய சீட்டில் குறியில்லை. பென்சில் எழுத்து:
'புயலடித்துப் பதினாலு மாசம்.
எங்கள் குழாய் இன்னும் இருமுகிறது.'
வலப்பக்கம் சாயும் அந்தக் கையெழுத்தை
மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிறாள்.
'செல்லாது' என்றாள்,
குரல் பிசிறாமல்.

வெளியே, டொமினிக்காவின் தென்கரை நெடுக
படகுக்காரர்கள் சங்கு ஊதினார்கள்.

வீட்டில் ஹெஸ்கெத்
மை அழியாத விரலால் மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தான்.
'யாரு ஜெயிச்சது?'
'ஒரே ஒரு ஓட்டுல' என்றாள்.
யாரென்று சொல்லவில்லை.
காலி வாளியைக் காலால்
அவன் பக்கம் நகர்த்தினாள்.