மடிப்பு விழாத நோட்டு

பயின்னாவுங் சந்தையில் காலை மணி ஆறு.
சிங்கப்பூருக்கு ஏழரை.
பாங்காக்குக்கு ஆறரை.
சென்னைக்கு இன்னும் ஐந்துதான்;
அங்கே ஜெகவீரன் புரண்டு படுத்திருப்பார்.
அவர் எழுந்து, பல் துலக்கி,
டில்லி ஏதும் சொல்லிற்றா என்று பார்த்த பிறகுதான்
எங்கள் உளுந்துக்கு விலை பிறக்கும்.

அதுவரை மூட்டைகள் வெறும் மூட்டைகள்.
கோ நாய்ங் அவற்றின் மேல் உட்கார்ந்து
மொஹிங்கா சாப்பிடுகிறான்.

நான் இங்கே கணக்கு எழுதுகிறவள்.
வீட்டில் தில்லைக்கரசி,
அடையாளச் சீட்டில் டோ தின் தின் மியா.
வங்கிக்கு இரண்டு பேரையும் தெரியாது.
அவர்களுக்கு நான் நூற்று நாற்பத்தேழு.
அன்றைக்கு நூற்று இருபதோடு
பெட்டியில் பணம் தீர்ந்துபோனது.
ஜன்னலுக்குள் இருந்த பெண் சொன்னாள்:
"உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது."
தனகா பூசிய அந்தக் கன்னத்தில்
பொய்யின் நிழல்கூட இல்லை.
பத்திரமாகத்தான் இருந்தது,
என்னிடமிருந்து.

முதலாளி அமீர் ராவுத்தர்
டாலர்களைப் பழைய டெலிபோன் டைரக்டரிக்குள்
படுக்க வைத்திருக்கிறார்.
மடிப்பு விழுந்தால் மாற்றுக்காரன்
நூறைத் தொண்ணூறு ஆக்கிவிடுவான்.
போன மாதம் ஒரு பேனாப் புள்ளி
நாலு டாலரைத் தின்றது.
அந்தப் புத்தகத்தைத் தூக்கும்போது அவர்
மூச்சுக்கூட மெதுவாக விடுவார்.

சிங்கப்பூர் வங்கி மரியாதையான வங்கி.
கடன்பத்திரம் திறக்க முடியாது என்பதை
பதினோரு வாக்கியங்களில் எழுதியிருந்தது.
மூன்றில் வருத்தம், இரண்டில் நன்றி.
எங்கள் பெயரில் ஒரு குறையும் இல்லையாம்;
நாங்கள் இருக்கும் இடம்தான்.

மே சோட்டில் சாக்கு விற்கும் சோம்சாய்
முன்பு முப்பது நாள் தவணை கொடுப்பான்.
பிறகு பதினைந்து ஆயிற்று.
மழைக்கு முன் ஏழு.
இப்போது, "முதலில் பாத், அப்புறம் சாக்கு."
உளுந்து எங்கள் மண்ணில் விளைகிறது,
அது நிமிர்ந்து நிற்க
அடுத்த நாட்டுத் துணி வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை
கல்லாவின் அடியிலிருந்து
இருநூறு சாட் நோட்டு ஒன்றை எடுத்தேன்.
நடுவில் கிழிந்து, டேப் ஒட்டி,
கருவாட்டு வாசம் அடித்தது.
எந்த வங்கியும் தொடாது.
அதன் எண்ணைப் படமெடுத்து
சென்னைக்கு அனுப்பினேன்.
அந்தி சாய்ந்ததும் ஒரு பையன் வந்தான்.
தன் போனையும் என் நோட்டையும்
மாறி மாறிப் பார்த்தான், எழுத்து எழுத்தாக.
பொட்டலத்தை வைத்தான். நோட்டை எடுத்துக்கொண்டான்.
கையெழுத்து கேட்கவில்லை,
எந்த ஊர் என்றும் கேட்கவில்லை.
நூற்றுக்கு ஐந்து மட்டும் முன்பே கழித்திருந்தான்.
நம்பிக்கைக்கு வங்கியைவிட வட்டி அதிகம்;
ஆனால் அது படியேறி வருகிறது.

ஆறு செவ்வாய்கள் வந்தான்.
ஏழாவதில் வரவில்லை.
பாலத்தருகே சோதனை என்று சிலர்,
ஓடிவிட்டான் என்று சிலர்.
ஜெகவீரன், "இங்கே கட்டியாச்சும்மா" என்றார்.
பணம் சென்னையில் புறப்பட்டுவிட்டது,
ரங்கூனுக்கு வந்து சேரவில்லை.
இரண்டுக்கும் நடுவே இருப்பது
ஒரு மணி நேரமும் ஒரு கடலும்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது
என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.

மறுநாள் பெகுவிலிருந்து ஊ தான் ச்வே வந்தார்.
நாற்பது மூட்டை அவருடையது.
ரசீதை லோஞ்சி முடிச்சிலிருந்து அவிழ்த்து
மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார்.
வியர்வையில் மை பரவி
எண் மட்டும் தெரிந்தது.
மகளுக்குப் பிரசவம், என்றார்.
டிராக்டர் வாடகை, என்றார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
தன் மூட்டைகளைப் பார்த்தார்.
அவற்றின் மேல் கோ நாய்ங் உட்கார்ந்திருந்தான்.

முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார்.
அவர் எப்போது வருவார் என்று
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
வாயைத் திறந்தேன்.
பர்மிய மொழியில், மெதுவாக,
மிகுந்த மரியாதையோடு வந்தது அந்த வாக்கியம்:
"உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கிறது."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.
அன்று காலை நானும்
தனகா பூசியிருந்தேன்.