இம்முறை மட்டும்

சங்கத்துக் கணக்கு முழுவதும் இதற்குள்தான் கிடக்கிறது.
அறுபத்திநான்கு பெண்கள்,
அவர்களுடைய அடையாள அட்டை இலக்கங்கள்,
யார் எவ்வளவு எடுத்தார், யார் இன்னும் கட்டவில்லை,
கட்டாததற்கு என்ன சொன்னார் என்பதுகூடப்
பக்கத்துக் கட்டத்தில், சின்ன எழுத்தில்.

கணினிக்கு வயது பதினான்கு.
தம்பிலுவில் கடற்காற்று
பின்பக்கத்து ஆணிகளைத் தின்று முடித்துவிட்டது.
சூடு போகட்டுமென்று மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன்;
எறும்பு குடியேறாமல்
சுற்றிவர மஞ்சள் தூள்.

"கூட ராம் போட ஏலாக்கா,
இந்த மொடலுக்கு இப்ப சாமான் வாறல்ல" என்றான்
அக்கரைப்பற்றுக் கடையில் தௌபீக்.
"காசு குடுத்து ஒண்டும் வாங்கவும் வேணா.
சும்மா கிடைக்கிற பயர்வோல் ஒண்டப் போடுங்க,
பாரமில்லாததாப் பாத்து."

முதலாவது வந்திறங்க ஓர் இரவு போனது.
வந்ததும் நினைவகத்தில் பாதியைப்
பாய்போட்டுப் பிடித்துக்கொண்டது.
காவலுக்கு வந்தவன் கட்டிலில்,
வீட்டுக்காரி முற்றத்தில்.
கணக்குத்தாள் திறக்கிற நேரத்துக்குள்
உலைவைத்து அரிசியும் போட்டுவிட்டு வரலாம்.
கழற்றினேன்.

இரண்டாவது, முப்பது நாளைக்கு இலவசம்.
முப்பத்தோராம் நாள் திரை முழுக்கச் சிவப்பு:
நீங்கள் ஆபத்தில் இருக்கிறீர்கள்.
அவர் தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தார்.
"அது எங்களுக்கு எப்பவோ தெரியுமே."

மூன்றாவது சாம்பல் நிறம். படம் ஒன்றும் இல்லை.
ஒரு பாட்டின் அளவுகூட இல்லாத பாரம்.
செய்தவன் பெயர் அடியில் ஒரு வரி, அவ்வளவுதான்.
அதற்குத் தெரிந்தது கேட்க மட்டும்:
யார் போகிறது? எங்கே?
விடவா, மறிக்கவா?
இம்முறை மட்டுமா, எப்போதுமா?

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ரியூசனுக்குப் போகிற வழியில்
இதே கேள்வியை, எனக்கு விளங்காத மொழியில்,
என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.
சோற்றுப் பெட்டியைத் திறந்து காட்டினேன்.
கணிதக் கொப்பியை உதறிக் காட்டினேன்.
நாலு வருசம்,
அதே சைக்கிள், அதே முகம், அதே இரட்டைப் பின்னல்.
எங்களுக்கு ஒருநாளும் 'எப்போதும்' விழவில்லை.
ஒவ்வொரு காலையும் இம்முறை மட்டும்.

இப்போது மண்மூட்டைக்கு
அந்தப் பக்கம் நான்.

மணிக்கூடு நேரம் கேட்கப் புறப்பட்டது. போகட்டும்.
தமிழ் எழுத்துப் பலகை எங்கோ எட்டிப் பார்க்க நினைத்தது. தேவையில்லை.
பெயரே இல்லாமல் வெறும் இலக்கமாக ஒன்று வந்தது.
மறித்தேன்.
மறுகா கொஞ்ச நேரம் சரியாகவே இல்லை மனம்.

ஒன்று மட்டும் மணிக்கொரு தரம் வந்து நின்றது.
பார்த்தால், பிரிண்டர்.
அது போய் இரண்டு வருசம்.
மார்கழி வெள்ளத்தில் ஊறிப்போய்
பழைய இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்த பிரிண்டர்.
அதன் செயலி மட்டும் உள்ளே இருந்துகொண்டு
கம்பனிக்குப் போய்ப் போய்க் கேட்கிறது:
புதிதாக ஏதாவது உண்டா?
ரீலோட் காசு கரைந்த வழி இதுதான்.

புதிதாக ஏதாவது உண்டா என்று
கோப்புக்கட்டோடு கச்சேரிக்குப் போய் வருகிறவர்கள்
சங்கத்திலேயே நாலு பேர்.
பஸ் காசுக்கென்று அவர்கள் எடுத்த கடனும்
இதற்குள்தான், பதினெட்டாவது வரியிலிருந்து.

நான் பொருளாளர். காசைப் பார்க்க வேண்டும்.
மறித்தேன்.
'எப்போதும்' என்ற கட்டத்தில் மட்டும்
சரி போடவில்லை.
வரட்டும். ஒவ்வொரு முறையும்
இல்லையென்று நானே சொல்கிறேன்.

"ஆரோட கதைக்கிறாய்?" என்றார் உள்ளேயிருந்து.

ஏழு மணி.
வந்து நின்றது.