ஒன்றும் போடாமல் ஒலியை ஏற்றுங்கள்

ஏழாயிரம் கொருனா.
கடைவாய்ப் பல்லுக்கு மூடி போட
எடுத்துவைத்திருந்தது.
ஒஸ்த்ராவாவில் பல் டாக்டர்கள் எப்போதும் இருப்பார்கள்.
இந்த நவம்பரில், பழைய வால்வு முன்பெருக்கி விற்பவர்கள்
மூன்றே பேர்.

பகல் ஷிப்ட் முடிந்து
டிராம் ஓட்டுநர் சீருடையோடே போனேன்.
அதைப் பார்த்து விலையைக் குறைப்பார்களோ என்று
ஒரு நப்பாசை.

பொரூபாவில், ஐந்தாம் மாடியில், ஹினெக்.
ஒன்பதாயிரம் சொன்னார், பேசிக்கொள்ளலாம் என்றார்.
பெட்டியின் முகப்பு கண்ணாடி மாதிரி;
அதில் என் மூக்கு முழுசாகத் தெரிந்தது.
ஒரு சாக்ஸஃபோன் தட்டைச் சுழலவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டார்,
நானும் மூடியாக வேண்டும் என்பதுபோல.
நல்ல தட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.
"ஊசியை எடுங்கள்," என்றேன்.
"ஒன்றும் போடாமல் ஒலியை ஏற்றுங்கள்."
முறைத்தார்.
தானமாக வந்த மாட்டைத்தானே
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது?
ஏற்றினார்.
ம்ம்ம்ம் என்று ஒரு அடிவயிற்று முனகல்,
பணிமனையில் நிற்கும் வண்டி போடுவது.
இருபத்திரண்டு வருஷமாக
சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்கிற சத்தம்.
காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?

அடுத்து ராடிம், விட்கோவிட்சேயில்.
இரண்டாயிரத்து ஐந்நூறுதான்.
சமையலறை மேஜையில், ரொட்டித் துணுக்குகள் நடுவே,
இரண்டு வால்வுகளும் தணல்போல ஒளிர்ந்தன.
அவன் பிளக்கைப் பிடுங்கினான்.
பட்டென்று இருட்டு.

வால்வு அப்படி அணையாது.
இழை சிவந்து, கருஞ்சிவப்பாகி,
மனசில்லாமல்தான் போகும்.
விரலால் தொட்டேன், ஜில்லென்றிருந்தது.
குனிந்து பார்த்தால், கண்ணாடிக்கு அடியில்
ஒரு துளி ஆரஞ்சு எல்.இ.டி.
ராடிமுக்கும் தெரிந்திருக்கவில்லை.
முகம் சிவந்தது அவனுக்கு;
அது மெதுவாகத்தான் அணைந்தது.

கடைசியாக போஹுமிர்,
ஏதோ பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கூடத்தில் உதவியாளர்.
தானே கட்டியது, மூடி மட்டும் பிஸ்கட் டப்பாத் தகரம்.
உட்பக்கம் இன்னும் பாதி வாத்துப் படம்.
நான் கேட்பதற்கு முன் குறைகளை ஒப்பித்தார்:
வலது பக்கம் அரை நிமிஷம் தாமதமாக எழும்.
குமிழ் பதினொரு மணியில் கரகரக்கும்,
அங்கே நிற்காதீர்கள்.
இரண்டு கெபாசிட்டர் என்னைவிடக் கிழடு.

பென்சிலை வாங்கி முதல் வால்வைத் தட்டினேன்.
சும்மா இருந்தது.
இரண்டாவதைத் தட்ட
ஸ்பீக்கரில் டிங் என்றது,
தண்டவாளத்தில் யாரோ குறுக்கே வந்ததுபோல.
என் கால் தானாகத் தரையில்
பிரேக்கைத் தேடிற்று.
அவர் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை.
இழுப்பறையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்தார்.
கண்ணாடிமேல் வெள்ளை எழுத்தில்
செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தது.
நாடு போய்விட்டது; இது இன்னும்
பெட்டி பிரிக்கப்படாமல்.
மாற்றித் தட்டினேன்.
பிறகு ஒன்றும் போடாமல் ஒலியை ஏற்றச் சொன்னேன்.
ஏற்கெனவே ஏற்றித்தான் இருக்கிறது என்றார்.

நாலாயிரத்து ஐந்நூறு என்றவரை
நாலாயிரத்து இருநூறுக்கு இறக்கினேன்.
அந்த முந்நூறுக்காக
படியிறங்கும்போதே கொஞ்சம் வெட்கப்பட்டேன்,
திரும்பிப் போய்க் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

எட்டாம் எண் வண்டியில், மடியில் பெட்டியோடு,
பயணியாக.
வளைவில் வ்லாஸ்டா கொஞ்சம் வேகமாகத்தான் எடுத்தாள்.
சொல்லவில்லை.

மீதி இரண்டாயிரத்து எண்ணூறு.
கெபாசிட்டருக்கு அதிகம், பல்லுக்குக் காணாது.

இரவு, குமிழை ஒன்பதரையில் நிறுத்தி
ஒரு செல்லோத் தட்டைப் போடுகிறேன்.
இடது ஸ்பீக்கர் முதலில் ஆரம்பிக்கிறது.
இடது கடைவாய்ப் பல்லும்.
நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப்போட்டு
வலதுக்காகக் காத்திருக்கிறேன்.