மஞ்சள் கதவு

அவள் செத்துப்போன செய்தி வந்தபோது
கிடங்கின் நாற்பத்தோராம் வரிசையில்
இடதுகால் ஷூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
யாரோ விசிலடித்தார்கள்.
மேற்பார்வையாளன் கைல்
சுரங்கம் மூடியபின் பிறந்தவன்.
"யார் அது?" என்று கேட்டுவிட்டு
என் எண்ணிக்கையைத் திருத்தினான்.
நான் நின்ற இடத்துக்கு நேர்கீழே,
அறுநூறு கஜ ஆழத்தில்,
அப்பாவின் மண்வெட்டி கிடக்கிறது.
எடுத்துவர விடவில்லை. தண்ணீர் ஏறிவிட்டது.

ஸ்கெல்ப்ரோவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.
"அவள்" என்றால் அவள்தான்.
மற்ற பெண்களுக்குத்தான் பெயர் வேண்டும்.

சாயங்காலம் பையன்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள்.
பழைய குழிவாசலில் தீ மூட்டுகிறார்களாம்.
உடைந்த நாற்காலி, கட்டில் சட்டம், எதுவானாலும் சரி.
பெரில் வீட்டில் கேட்டார்கள்.
எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டில் கேட்டார்கள்.
இருபத்தெட்டு வருடமாக
எல்லோரும் தாண்டித்தான் போகிறார்கள்.

முன்பு தெருவின் எல்லாக் கதவும் ஒரே பச்சை.
நகரசபைப் பச்சை, அதிகம் வெந்த பட்டாணியின் நிறம்.
குடியிருப்பவர்களே வீட்டை வாங்கலாம் என்று
அவள் சட்டம் போட்டாள். பாதி விலை.
அப்பா கையெழுத்திட்டு
வரும் வழியிலேயே மஞ்சள் பெயிண்ட் வாங்கினார்.
ஞாயிறு முழுக்கப் பூசினார்.
அம்மா எதிர்ச்சாரிக்குப் போய் நின்று பார்த்தாள்,
திரும்பி வந்தாள், மறுபடி போய்ப் பார்த்தாள்.
அந்த வருடம் எங்கள் வீட்டு ஓட்டு இரண்டும்
யாருக்கு விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு வேலைநிறுத்தம்.
பெரிலின் வாடகையை நகரசபை பொறுத்துக்கொண்டது.
எங்கள் கடனை வங்கி பொறுக்கவில்லை.
மாதம் ஒரு கடிதம், சின்ன ஜன்னல் வைத்த உறையில்.
டிசம்பரில் டிவி போனது,
ஜனவரியில் அம்மாவின் மோதிரம்.
பதினோராம் மாதம்
கம்பிவலை அடித்த பேருந்தில்
முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு
அப்பா வேலைக்குப் போனார்.
வெளியே நின்று கத்தியவர்களில் கிளிஃபர்டும் இருந்தார்,
பெரிலின் கணவர்,
பதினாறு வருடம் அப்பாவோடு ஒரே கூண்டில் இறங்கியவர்.

அன்று மாலை மஞ்சளின் மேல்
கறுப்பில் ஒரு சொல்.
கருங்காலி.
அழகான எழுத்து.
சங்கத்து அறிவிப்புப் பலகையில் பார்த்த அதே கை.
எனக்கு ஒன்பது வயது. கூட்டிப் படித்தேன்.

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப்
புண்மேல் காயும் பொருக்கு என்றும் பொருள்.
அப்பா அதன்மேல் மறுபடி மஞ்சள் பூசினார்.
மூன்று பூச்சு.
மழை நாளில் தெரியும்.

ஐந்தே வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.
எட்டு மாதத்தில் குழியை மூடினார்கள்,
போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் சேர்த்து.
கிளிஃபர்டும் அப்பாவும்
ஒரே மருத்துவமனையில்,
ஒரே தூசியை இருமி,
வேறு வேறு வருடம் இறந்தார்கள்.

இப்போது தெருவில் எல்லாக் கதவும் வெள்ளை பிளாஸ்டிக்.
எங்களுடையது மட்டும் மரம்.

திருகாணிகள் துருவேறியிருந்தன.
கீல் கழற்ற முக்கால் மணி நேரம்.
முதுகில் சாய்த்துச் சுமந்து போனேன்,
பாதி வழியில் ஒருமுறை
ரொட்டிக்கடைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு
திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன்.

தீயைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.
என்னைக் கண்டதும் பாட்டு
ஒவ்வொரு வாயாக நின்றது.
யாரும் உதவவில்லை, தடுக்கவுமில்லை.

மஞ்சள் முதலில் கொப்புளித்தது.
பிறகு உரிந்தது, தோல்தோலாக.
கறுப்பு எழுத்துகள் தெரிந்தன, கடைசி எழுத்து முதலில்,
அவையும் சுருண்டன.
அதற்கும் கீழே
ஒரு நிமிடம், அதற்குமேல் இராது,
பச்சை.

புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரில் வந்தாள்.
"முட்டாளே," என்றாள்.
இருபத்தெட்டு வருடத்தில் என்னிடம் பேசிய முதல் சொல்.
"ராத்திரிக்கு எதைச் சாத்திக்கொண்டு தூங்குவாய்?"

தெரியவில்லை என்றேன்.
உண்மையில்
அதை நான் யோசிக்கவே இல்லை.