பதினேழாவது அட்டை

உலான்பாத்தரில் மைனஸ் இருபத்தெட்டு.
ஏழாம் வகுப்பு ஜன்னலில்
ஒரு கண்ணாடி நேற்றே உடைந்துவிட்டது.

சுவரில் முழ அகலத்தில் பதினேழு வண்ண அட்டைகள்,
உலகம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட வீட்டுப்பாடம்.
ஒன்று: வறுமை இருக்கக் கூடாது.
ஆறு: சுத்தமான தண்ணீர்.
தண்ணீர்க் கடை வரிசையில் நின்றுவிட்டுக்
கையுறை விறைக்க வந்திருந்த நோமுண்டாரி
அதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

ஜன்னலை அடைக்க எதைக் கழற்றுவது?
"ஏழு" என்றான் சொக்தூ. "தூய எரிசக்தியாம்.
எங்கள் அடுப்புக்கு அது யாரென்றே தெரியாது."
"கல்வியைத் தொடாதே, பரீட்சைக்கு வரும்."
பசியைக் கழற்ற
யாரும் கை தூக்கவில்லை.

கடைசியில் பதினேழாவது:
கூட்டாண்மை.
யாருக்கும் அர்த்தம் புரியாததால்
எதிர்ப்பே இல்லாமல் தேர்வானது.

நான்கு பேர் மூலைகளைப் பிடிக்க
ஐந்தாவது ஆள் பசைநாடாவைப் பல்லால் கிழித்தான்.
கரிப்புகை வெளியே நின்றுவிட்டது, பாதி.

மணி அடித்தபோது
அட்டையின் உள்பக்கம் வெளுத்திருந்தது:
முப்பத்து மூன்று பேரின் மூச்சு
படிந்து, உறைந்து,
எண் தெரியவில்லை.