நடப்பவர் கணக்கு

நிலக்கரி ரயில் நின்று முப்பது வருடம்.
தண்டவாளத்தைப் பெயர்த்து
சுண்ணாம்புக்கல் பொடி கொட்டி உருட்டி
பாதை என்று பெயர் வைத்தோம்.
கம்பத்தில் ஒரு கருவி.
கடப்பவரை எண்ணும், யாரென்று கேட்காது.

கோரிங் ஃபோர்டின் மெயின் தெருவில்
பதினேழு கடைகள். திறந்திருப்பவை நான்கு.
அதில் ஒன்று சவப்பெட்டி விற்பது.

ஏப்ரல் முழுக்க நாற்பத்தொன்று.
மே மாதம் அறுநூற்று எழுபது!
மாவட்ட அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.
நான் நேரப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன்:
தினமும் ஆறரைக்கும் ஏழுக்கும் இடையே
சொல்லிவைத்தாற்போல் இருபது.

விடியலில் போய் நின்றேன்.
ட்வைலா ஹோஸ்டெட்லர், மூடிய பேக்கரிக்காரி,
இரவு அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக
கம்பத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
பின்னாலேயே ஒரு கிழட்டு பீகிள்.
அதுவும் கணக்கில் சேர்த்தி.

"எண் இல்லாவிட்டால் ஒரு பெஞ்சுகூடப் போடமாட்டீர்களாமே"
என்றாள், நடையை நிறுத்தாமல்.

அறிக்கையில் என்னத்தை எழுத?
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
பெடல் உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு
இருவர் வந்தார்கள், தொப்பலாக நனைந்து.
"இங்கே காபி எங்கே கிடைக்கும்?"

ட்வைலா என்னைப் பார்த்தாள்.
அங்கிப் பையைத் துழாவினாள்.
வீட்டுச் சாவி தொங்கிய அதே வளையத்தில்
பேக்கரிச் சாவி.

மழையில் உப்பிய கதவு
அசைந்து கொடுக்கவில்லை.
நால்வரும் தோள் கொடுத்து முட்டினோம்.
நாய்தான் முதலில் நுழைந்தது.

அன்றைய எண்ணிக்கையில்
அதை நான் கழிக்கவில்லை.